மூச்சுமுட்டும் வைரசு மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய் உடம்பின் வேறெப்பகுதியைப் பற்றினும் மாந்தர் ஓரளவு பொறுத்திருப்பர். மூச்சைப் பற்றின் ஒரு கணமும் பொறார். உயிர் என்னும் சொல்லும் உயிர்த்தல் என்னும் சொல்லும் தமிழில் ஒரே அடியிற் பிறந்தவை என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. காய்ச்சலை அளப்பதற்கு வெப்பமானி உண்டு. குருதியில் உள்ள ஒட்சிசனை அளத்தற்கும் இன்று கருவி உண்டு. ஆயின், மூச்சுமுட்டு என்னும் அவதியை அதனை அனுபவிப்பவரே அறிவர். அவர் வாய்ச்சொல்லே அதற்கு அளவுகோல். இக்காரணம் பற்றியே வைரசு நோய்களுக்கு மருந்து தேடிய ஆராய்ச்சியாளர் பலரும் காய்ச்சல் எத்தனை நாளில் தணிந்தது, இருமல் எத்தனை நாளில் நின்றது என்று எண்ணினரேயன்றி, மூச்சுத் திணறுவோனின் நிலை யாதாயிற்று என்பதை நேரே வினவுதற்குப் பெரிதும் தயங்கினர். வைரசு மருந்துகளின் வரலாறு இரசாயன அறிஞரின் வெற்றி வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை மூச்சுமுட்டால் வருந்துவோர் பக்கத்தில் நின்று நோக்கின் வேறொரு தோற்றம் புலனாகும்.

1918ஆம் ஆண்டிற் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோயிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தும். அந்நோயால் உலகெங்கணும் மாண்டோர் தொகை 2 கோடி முதல் 5 கோடி வரை எனப் பலவாறு மதிப்பிடப்பட்டுள்ளது. அதனினும் மிகுதி எனக் கூறுவாரும் உளர். இலங்கையில் 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1919ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அஃது இரண்டு அலைகளாய் வந்து, ஏறத்தாழ 3 இலட்சம் மக்களைக் குறைத்தது என அண்மைக்கால மதிப்பீடு ஒன்று கூறும். அக்காலத்து வைத்தியர்கள் எழுதிவைத்த குறிப்புக்களில் மீண்டும் மீண்டும் வருவது நோயாளரின் முகநிறமாகும். சுவாசப்பைகளில் நீர் கோத்து ஒட்சிசன் குருதியிற் சேராதொழிந்தமையால் உதடும் காதும் கன்னமும் ஊதாநிறம் பாய்ந்தன. அந்நிறம் தோன்றியவர் பிழைப்பது அரிது எனக் கண்டனர். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவால் தாக்குண்ட போர்வீரருக்கு ஒட்சிசன் கொடுக்கும் முறையை ஆல்டேன் என்னும் பிரித்தானிய உடற்றொழிலியலறிஞர் 1917ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். எனினும், கொள்ளைநோயால் வீழ்ந்தோருள் அவ்வுதவி கிட்டியவர் மிகச் சிலரே.

நோய்க்குக் காரணம் யாது என்பதே அந்நாளில் எவர்க்கும் தெளிவாகத் தெரிந்திலது. செருமானிய அறிஞராகிய ரிச்சாட் பைவர் 1892ஆம் ஆண்டிற் கண்ட பற்றீரியா ஒன்றே இன்புளுவென்சாவை விளைப்பது எனப் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பிழையென்பது 1933ஆம் ஆண்டிலேயே உறுதியாயிற்று. இலண்டன் மாநகரில், தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்சன் சிமித், கிறித்தோபர் அன்றூசு, பற்றிக் லெயிட்லோ என்னும் மூவர், நோயாளரின் தொண்டை கழுவிய நீரைப் பற்றீரியாக்கள் புகாத நுண்வடியால் வடித்து, அதனைப் பெரற் என்னும் சிறுவிலங்கின் மூக்கில் இட்டனர். கீரியை ஒத்த அவ்விலங்கு நோயுற்றது. மூன்றாண்டுகளின் பின், நோயுற்ற பெரற் ஒன்று ஆய்வாளர் ஒருவரின் முகத்திலே தும்ம, அவரும் நோயுற்று, அவர் தொண்டையிலிருந்து அதே வைரசு மீளப்பெறப்பட்டது. வேண்டித் திட்டமிட்டாலும் இத்துணைத் தெளிவான சான்று அமைந்திருக்குமோ என்பது ஐயமே.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. பெனிசிலின் முதலிய மருந்துகள் பற்றீரியாக்களைக் கொல்லுதல், அவற்றிற்கெனத் தனியே கலச்சுவரும் உயிர்த்தொழிலும் இருத்தலினாலாகும். வைரசுக்கோ தனக்கெனத் தொழிலொன்றும் இல்லை. அது மனிதனுடைய கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் பொறிகளையே கொண்டு தன்னைப் பெருக்குகின்றது. ஆதலின், வைரசைத் தாக்கும் மருந்து அதற்கு இடங்கொடுத்த கலத்தையும் தாக்கும் என்னும் அச்சம் நெடுங்காலம் நிலவியது. 1957ஆம் ஆண்டில் ஐசாக்சு, லிண்டன்மன் என்னும் இருவர் வைரசு புகுந்த கலங்களே சுரக்கும் இன்ரபெரோன் என்னும் பொருளைக் கண்டு அறிவித்தமை அவ்வச்சத்தைச் சிறிது அகற்றியது.

இவ்விடத்திற் சென்னை மாநகரின் பெயரும் வருகின்றது. பெரியம்மை கண்டோருடன் ஒரே வீட்டில் உறைந்தவர்களுக்கு மெதிசாசோன் என்னும் மருந்தைக் கொடுத்து அந்நகரில் ஆய்வு நடத்தப்பட்டது. மருந்து பெற்ற 1101 பேருள் 3 பேரும், பெறாத 1126 பேருள் 78 பேரும் அம்மை கண்டனர் என 1963ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை கூறிற்று. வைரசு நோயை மருந்தால் தடுத்தல் கூடும் என்பதற்கு உலகத்தார் காட்டிய முதற் சான்றுகளுள் அஃதொன்று. பிற்பட்ட ஆய்வுகளில் அவ்வளவு நற்பயன் காணப்படவில்லை. அதற்குள் அம்மைப்பாலே பெரியம்மையை ஒழிக்கும் வழியாகிவிட்டமையால், அம்மருந்தும் மறக்கப்பட்டது.

சுவாச நோய்க்கென முதன்முதல் ஏற்கப்பட்ட வைரசு மருந்து அமன்றடீன் ஆகும். 1964ஆம் ஆண்டில் அதன் தன்மை வெளியிடப்பட்டது. 1966ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஆசிய இன்புளுவென்சாவைத் தடுத்தற்கென அனுமதிக்கப்பட்டது. இன்புளுவென்சாவின் ஏ வகைக்கு மட்டுமே அது பயன்படும். பி வகையை அஃது ஒன்றுஞ் செய்யாது. அன்றியும், வைரசு விரைவில் உருமாறி அதனை எதிர்த்து நிற்கவும் கற்றுக்கொண்டது. 2005-2006 குளிர்காலத்தில் அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட எச்3என்2 வைரசுகளுள் நூற்றுக்கு 92 பங்கு அம்மருந்துக்கு அடங்காதன எனக் கண்டு, 2006 சனவரியில் அதனை இன்புளுவென்சாவுக்குக் கொடாதொழிக என அறிவுறுத்தினர். அதே குளிசை பார்க்கின்சன் நோயாளரின் நடுக்கத்தைக் குறைக்கும் என்பது 1960களின் இறுதியில் தற்செயலாய்த் தெரியவந்தமையால், அது மருந்துக் கடைகளில் வேறொரு வாழ்வு பெற்றது.

குழந்தைகளின் மூச்சுமுட்டு என்னும் பொருளுக்கு வரும்போதே வரலாறு சிக்கலடைகின்றது. சுவாச ஒன்றிப்பு வைரசு எனப்படும் நுண்ணுயிர் 1956ஆம் ஆண்டிற் சிம்பன்சிக் குரங்குகளிலும், அடுத்த ஆண்டிற் குழந்தைகளிலும் கண்டறியப்பட்டது. பால்குடி மறவாத குழந்தைகளின் சிறு சுவாசக்குழாய்களை அது வீங்கச் செய்து அடைத்துவிடும். நெஞ்சு குழிவிழக் குழந்தை மூச்சிழுக்கும் காட்சியைக் கண்ட தாய்மார் அதனை மறவார். 1972ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட ரிபாவிரின் என்னும் மருந்தை நுண்டுளிப் புகாராக்கிச் சுவாசிக்கச் செய்யின் இக்குழந்தைகள் தேறுவர் என்னும் நம்பிக்கை 1980களின் தொடக்கத்தில் எழுந்தது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு அனுமதியும் வழங்கிற்று. மருந்தின் விலை பெரிது. நாளொன்றுக்கு 12 முதல் 18 மணி நேரம் வரை குழந்தையைப் புகாரினுள் வைத்திருத்தல் வேண்டும். கருவுற்ற விலங்குகளின் கருவை அம்மருந்து சிதைத்தமையால், அக்காற்றைச் சுவாசிக்கும் தாதியரைக் குறித்தும் கவலை எழுந்தது. மேலும், செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய்களில் மருந்து படிந்து அவற்றை அடைத்தலும், சில குழந்தைகளின் மூச்சு திடீரென மோசமடைதலும் கண்டு, மருந்தின் விளக்கத் தாளிலேயே கடும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டது.

1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இவ்வையங்களையெல்லாம் தீர்த்துவிட்டதாகத் தோன்றிற்று. செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்த 28 குழந்தைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு ரிபாவிரினும் மறுபகுதிக்கு மருந்தற்ற தூயநீர்ப் புகாரும் கொடுத்தனர். மருந்து பெற்ற குழந்தைகள் சராசரி 4.9 நாளிற் கருவியினின்றும் விடுபட, மற்றையோர்க்கு 9.9 நாள் சென்றது. பாதி நாள் மிச்சம் என்பது பெருஞ் செய்தியன்றோ? 1993ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் அம்மருந்தை வற்புறுத்திப் பரிந்துரைத்தது.

ஆயின், கூர்ந்து நோக்கிய சிலர் வேறொரு வினாவை எழுப்பினர். உப்புக் கலவாத தூயநீர் சுவாசக்குழாய்க்கு ஒவ்வாதது. அதனைப் புகாராக்கிச் செலுத்தின் குழாய்கள் சுருங்கி மூச்சடைக்கும். தொய்வு நோயாளரிடத்துக் குழாய்களின் கூர்மையை அறிதற்கு அதனையே சோதனைப் பொருளாக வழங்குதலும் உண்டு. அவ்வாறாயின், ரிபாவிரின் பெற்ற குழந்தைகள் மருந்தால் விரைவிற் றேறினவா, அன்றி நீர் பெற்ற குழந்தைகள் நீரினாற் பின்னடைந்தனவா? 1994ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வு, தூயநீருக்குப் பதிலாக உடம்புக்கு ஒத்த உப்புநீரைக் கொண்டு நடத்தப்பட்டது. இரு பகுதியினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. 1996ஆம் ஆண்டில் அக்கழகம் தன் பரிந்துரையைத் தளர்த்தி, மருந்தைக் கொடுத்தல் வைத்தியரின் விருப்பம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. வெறும் பொருள் என்று எண்ணிக் கொடுக்கப்படுவது உண்மையில் வெறும் பொருளாதல் வேண்டும் என்பது ஆய்வு முறையின் அரிச்சுவடி. சுவாசப்பையைப் பொறுத்தவரை அத்தகைய பொருளைக் கண்டுபிடித்தல் எளிதன்று. குளிசையாயின் மாவுருண்டை போதும். மூச்சினுட் செல்லும் எப்பொருளும் மூச்சுக்கு ஏதேனும் செய்தே தீரும்.

இதே இடர்ப்பாடு மற்றொரு மருந்தின் வரலாற்றில் இன்னும் பெரிதாகத் தோன்றியது. அம்மருந்தின் பிறப்பு அறிவியலின் அழகிய அதிகாரங்களுள் ஒன்று. 1941ஆம் ஆண்டில் யோர்ச் ஏர்ஸ்ற் என்பவர் இன்புளுவென்சா வைரசு கோழியின் செங்குருதிக்கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் எனவும், சிறிது நேரத்தின் பின் அது தானே அவற்றைவிட்டு நீங்கும் எனவும் கண்டார். நீங்கிய பின் அக்கலங்கள் மறுமுறை ஒட்டுவதில்லை. வைரசின் மேற்பரப்பில் நொதியம் ஒன்று இருந்து, கலத்தின் மேலுள்ள ஏதோவொரு பிடியை வெட்டிவிடுகின்றது என்பது பெறப்பட்டது. மெல்போண் நகரிற் பேர்ணற்றும் கொற்சாக்கும் இதனை மேலும் ஆராய்ந்தனர். அந்நொதியமே நியூராமினிடேசு. கலத்தினுட் பெருகிய புதிய வைரசுகள் வெளியேறி அடுத்த கலத்துக்குச் செல்லுதற்குக் கட்டறுக்கும் கத்தரிக்கோல் அது எனக் கொள்ளலாம். அக்கத்தரிக்கோலை முடக்கின், வைரசு பிறந்த இடத்திலேயே பிணிப்புண்டு கிடக்கும்.

எண்ணம் எளிது, முடக்கும் பொருளை ஆக்குதல் அரிது. 1969ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட பொருளொன்று சோதனைக் குழாயில் நொதியத்தைத் தடுத்தது; விலங்குகளிற் பயன்படவில்லை. பின்னர் அவுஸ்திரேலிய அறிஞராகிய கிரேம் லேவர் அந்நொதியத்தைப் பளிங்குருவாக்கினார். பீற்றர் கோல்மன், வர்கீசு என்பவர்கள் அப்பளிங்குகளின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, நொதியத்தின் வடிவை 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்புளுவென்சா வைரசு ஆண்டுதோறும் தன் புறத்தோற்றத்தை மாற்றிக்கொள்வது. ஆயினும், அந்நொதியத்தின் நடுவிலுள்ள குழி எல்லா வகைகளிலும் மாறாதிருப்பதை அவர்கள் கண்டனர். மாறுவேடம் பூணும் கள்வனிடத்து மாறாத அடையாளம் ஒன்று அகப்பட்டதை ஒக்கும் இது. விக்ரோரியாப் பார்மசிக் கல்லூரியில் மாக் வொன் இற்சுரைனும் அவருடைய குழுவினரும் அக்குழிக்குப் பொருந்துமாறு முந்திய பொருளின் ஓரிடத்தில் வேறோர் அணுக்கூட்டத்தைப் பதித்து, 1993ஆம் ஆண்டில் அதன் ஆற்றலை அறிவித்தனர். சனாமிவிர் என்றும், வணிகப் பெயராற் றெலென்சா என்றும் வழங்குவது அதுவே.

சனாமிவிர் குடலிலே உறிஞ்சப்படுவதில்லை. ஆதலிற் குளிசையாகக் கொடுத்தற்காகாது. லற்றோசு என்னும் பால்வெல்லத்தோடு கலந்து பொடியாக்கி, கைக்கருவி ஒன்றினால் வாய்வழி உறிஞ்சுதல் வேண்டும். ஒருவேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஐந்து நாள் என வகுத்தனர். தென்னரைக்கோளத்தில் 455 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நோய் ஏறத்தாழ ஒன்றரை நாள் குறைந்தது. வட அமெரிக்க ஆய்விற் கண்ட பயன் அதனினும் சிறிது. 1999 பெப்ருவரியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு 13க்கு 4 என்னும் வாக்குகளால் இம்மருந்து வேண்டா என்றது. எனினும், அவ்வாண்டு யூலையில் அந்நிருவாகம் அனுமதி கொடுத்தது.

அனுமதி கொடுத்த பின்னரே மூச்சின் வினா முன்னுக்கு வந்தது. முந்திய சிறு சோதனை ஒன்றில், காய்ச்சலில்லாத தொய்வு நோயாளர் 13 பேருள் ஒருவர்க்குப் பொடியை உறிஞ்சியதும் சுவாசக்குழாய் சுருங்கியிருந்தது. மருந்து கடைகளுக்கு வந்த முதற் குளிர்காலத்திலேயே, உறிஞ்சியவுடன் மூச்சடைத்தது என்னும் முறைப்பாடுகள் வரத்தொடங்கின. தொய்வும் நாட்பட்ட சுவாச அடைப்பும் உடையோர் திறத்து மிகுந்த விழிப்பு வேண்டும் என 2000 சனவரியில் நிருவாகம் வைத்தியர்களுக்கு அறிவித்தது. இறந்தோரும் அம்முறைப்பாடுகளுள் இருந்தனர். சிலர்க்கு முன்னர்த் தொய்வு இருந்ததேயில்லை. ஆயினும், இன்புளுவென்சா தானே மூச்சை முட்டச் செய்யும் நோயாதலின், நோயால் வந்தது எது, பொடியால் வந்தது எது எனப் பிரித்தறிதல் எளிதாயில்லை.

பிரித்தறியும் வழி ஒன்றே: தொய்வுடையோரையே இரு பகுதியாக்கி ஆராய்தல். அவ்வாறே ஆராய்ந்தனர். ஐந்து நாள் முடிவில் மூச்சை ஊதிவிடும் வலிமை ஐந்திலொரு பங்குக்கு மேற் குன்றியவர்கள், மருந்து பெற்ற 244 பேருள் 24 பேர். பெறாத 237 பேருள் 22 பேர். நூற்றுக்குப் பத்தும் ஒன்பதும். வேறுபாடு இல்லையென்றே இதனைப் படிப்போர் கொள்வர். ஆனால், மருந்து பெறாதோர் உறிஞ்சியது யாது? அதுவும் லற்றோசுப் பொடியே. ரிபாவிரின் ஆய்வில் நீர் நின்ற இடத்தில் இங்கே பால்வெல்லம் நிற்கின்றது. பொடியே ஒருசிலரின் குழாய்களைச் சுருக்குமாயின், அது இரு பகுதியினரையும் ஒப்பச் சுருக்கியிருக்கும். ஒப்பீட்டில் அது தோன்றாது மறைந்துவிடும். மருந்தின் குற்றமின்மையை அவ்வாய்வு ஒருவாறு காட்டலாம். பொடியை உறிஞ்சும் நோயாளனுக்கோ, குற்றம் மருந்துடையதா அதனைச் சுமந்து வந்த வெல்லத்துடையதா என்னும் வேறுபாட்டினாற் பயன் ஒன்றுமில்லை.

இதன் பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. அமெரிக்க விளக்கத் தாள், சுவாசக்குழாய் நோயுடையோர்க்கு இம்மருந்து ஏற்றதன்று என்னும் கருத்துப்பட எழுதப்பட்டது. இங்கிலாந்திலோ, தேசிய நிலையம் ஒன்று 1999ஆம் ஆண்டில் இம்மருந்தை வேண்டாவென விலக்கிப் பின் 2000 நவம்பரிற் கருத்து மாறி, இன்புளுவென்சாவாற் பெருந்தீங்கு உறக்கூடியோர்க்குக் கொடுக்கலாம் என்றது. அத்தகையோர் யாவர் என வகுத்த பட்டியலில் தொய்வு நோயாளரும் இருந்தனர். ஒரே பொடி, ஒரே நோயாளர், ஒரே ஆண்டு; அத்திலாந்திக் கடலின் ஒரு கரையில் எச்சரிக்கை, மறுகரையிற் பரிந்துரை. இரண்டு முடிவும் மடமையினால் எழுந்தனவல்ல. மருந்து யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது மிக இடராகவும் கூடும் என்னும் உண்மையை இரு நாட்டாரும் இரு முனையிற் பற்றினர் எனலே தகும்.

ஒசெல்ற்றாமிவிர் என்னும் இனமருந்து, தமிபுளூ என்னும் பெயரில் 1999 ஒற்றோபரில் வந்தது. விழுங்கத்தக்கதாதலின் அதுவே உலகை வென்றது. பிரித்தானிய அரசு மட்டும் 2006 முதல் 2013 வரை அதனைச் சேமித்தற்கு 42 கோடிப் பவுணுக்கு மேற் செலவிட்டது. நுரையீரற் சுரத்தை அது தடுக்கும் என்னும் நம்பிக்கையே அச்சேமிப்பின் அடிப்படை. அந்நம்பிக்கைக்கு ஆதாரமாய்க் காட்டப்பட்ட ஆய்வுகளுட் பெரும்பாலானவை முழுமையாக வெளியிடப்படாதவை என்பதை 2009ஆம் ஆண்டில் யப்பானியக் குழந்தை வைத்தியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். நான்கு ஆண்டு வாதத்தின் பின்னரே உற்பத்தியாளர் முழு அறிக்கைகளையும் கொடுத்தனர். 2014ஆம் ஆண்டில் அவற்றைப் பரிசீலித்த கொக்கிரேன் குழுவினர், நோய்க்காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது எனவும், வைத்தியசாலை செல்லுதல் குறைந்தமைக்குச் சான்று இல்லை எனவும் முடிவுகட்டினர். அதே ஆண்டில் வைத்தியசாலையிற் கிடந்த 29,000க்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை நோக்கிய வேறொரு குழுவினர், மருந்து பெற்றோருள் இறப்புக் குறைந்தது என்றனர். அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தவர் உற்பத்தியாளரே. 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஒசெல்ற்றாமிவிரைக் கீழ்ப்படிக்கு இறக்கிற்று.

2009ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது, விழுங்கவும் உறிஞ்சவும் இயலாது செயற்கைச் சுவாசக் கருவியிற் கிடந்தோர்க்கு என் செய்வது என்னும் வினா எழுந்தது. எங்கோ ஒரு வைத்தியசாலையில், சனாமிவிர்ப் பொடியை நீரிற் கரைத்துப் புகாராக்கிக் கருவியின் வழியே செலுத்தினர். கரைந்த பால்வெல்லம் கருவியின் பகுதியை அடைத்தது, நோயாளி இறந்தார். அவ்வாண்டு ஒற்றோபரில் உற்பத்திக் கம்பனியார் அவ்வாறு செய்யற்க என வைத்தியர்களுக்குக் கடிதம் விடுத்தனர். வெல்லம் கலவாது குருதிக்குழாயினுள் ஏற்றத்தக்க சனாமிவிர் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2019ஆம் ஆண்டில். மருந்து பிறந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர்.

அவ்வாண்டின் முடிவிலே கொவிட் நோய் தோன்றியது. சுவாச நோய்களைப் பற்றி வைத்தியர் கொண்டிருந்த எண்ணங்களுட் சிலவற்றை அது கலைத்தது. குருதியில் ஒட்சிசன் மிகக் குறைந்திருந்தும், மூச்சுமுட்டு ஒன்றும் இல்லையெனக் கூறி அமைதியாய் இருந்த நோயாளர் பலர் காணப்பட்டனர். யப்பானியப் பொறியியலறிஞர் தக்குவோ அவோயாகி 1974ஆம் ஆண்டில் அமைத்த முறையின்படி இயங்கும், விரல்நுனியில் மாட்டும் சிறுகருவி வீடுதோறும் புகுந்தது அப்பொழுதே. அதன் மூலவர் 2020 ஏப்பிரலிற் காலமானார்.

மருந்தைப் பொறுத்தவரை, றெம்டெசிவிர் என்னும் வைரசு மருந்து 1062 நோயாளரைக் கொண்ட ஆய்வில், தேறும் காலத்தை 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைத்தது. பயன் கண்டவர் பெரும்பாலும் சிறிதளவு ஒட்சிசன் பெற்றுவந்தோர். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோர்க்குப் பயன் தெரியவில்லை. பல நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பேராய்வின் இடைக்கால முடிவும், வைத்தியசாலையிற் கிடப்போரின் இறப்பை அம்மருந்து குறைத்ததாகக் காட்டவில்லை. மாறாக, 2020 யூனில் இங்கிலாந்திலிருந்து வந்த செய்தி யாவரையும் வியப்பித்தது. வைரசை ஒரு சிறிதும் தாக்காத, மலிவான, பழைய மருந்தாகிய டெக்சாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றிலொரு பங்கும், ஒட்சிசன் பெற்றோரின் இறப்பை ஐந்திலொரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் வேண்டாதோர்க்கு அதனாற் பயனில்லை.

இவ்விரு முடிவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் பழைய புதிர் பெரும்பகுதி அவிழ்கின்றது. நோயின் முதல் நாள்களில் வைரசு பெருகுகின்றது. மூச்சுமுட்டு மிகும் காலத்திலோ உடம்பின் எதிர்ப்பே கட்டுமீறிச் சுவாசப்பையை அழிக்கின்றது. வைரசு மருந்து முதற் பருவத்துக்குரியது. நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் கொடுத்தபோது, நிர்மற்றெல்விர் என்னும் குளிசை, தடுப்பூசி பெறாத இடருடையோரிடத்து வைத்தியசாலை செல்லுதலையும் இறப்பையும் நூற்றுக்கு 89 பங்கு குறைத்தமையும் இதற்கு ஒத்ததே. மூச்சுமுட்டு வந்தபின் வைரசு மருந்தை நாடுதல், நெல் விளைந்து சாய்ந்தபின் நாற்றுக்கு நீர் பாய்ச்சுதலை ஒக்கும். ஆயினும், நோயாளர் வைத்தியரிடம் ஓடிவருவது காய்ச்சலுக்கன்று, மூச்சுக்கே. வறியோர் வாழும் ஊர்களில், மூன்று நாளுக்குள் நோயை உறுதிசெய்து மருந்தும் பெறுதல் எத்துணைப் பேர்க்குக் கூடும்?

நோய் நீங்கியும் மூச்சுமுட்டு நீங்காதோர் பிறிதொரு கூட்டத்தினர். மாதக்கணக்கிற் களைப்பும் மூச்சுமுட்டும் மனமயக்கமும் தொடர, வைரசின் எச்சம் உடம்பில் ஒளிந்திருக்கின்றதோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைச் சோதித்தற்கு அமெரிக்காவிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் அத்தகையோர் 155 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினர்க்கு 15 நாள் நிர்மற்றெல்விரும், மறுபகுதியினர்க்கு மருந்தற்ற குளிசையும் கொடுத்தனர். நிர்மற்றெல்விரோடு வழக்கமாகச் சேர்க்கப்படும் ரிற்றொனாவிர் இரு பகுதியினர்க்கும் கொடுக்கப்பட்டது. இம்முறை மூச்சுமுட்டு மறக்கப்படவில்லை. வினவப்பட்ட ஆறு முதன்மைக் குறிகளுள் அதுவும் ஒன்றாயிருந்தது. பத்து வாரத்தின் பின் இரு பகுதியினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை என 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேறு மருந்துகளையும், இதனினும் நீண்ட காலம் கொடுத்தலையும் ஆராய்தல் வேண்டும் என்போர் உளர். வைரசின் எச்சம் என்னும் எண்ணத்தையே ஐயுறுவோரும் உளர்.